ஆகாயத்துக்குப் போகும் கிரீஸ்

எண்ணெய் போடுகிற வேலை என்று சொன்னால் எல்லாரும் முதலில் என் கையைத்தான் பார்ப்பார்கள். அதில் பொட்டுக் கறைகூட இருக்காது. கேரள எல்லையில் பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவே, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு சின்னக் கம்பெனியில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். செயற்கைக்கோளுக்குள் சுழலும் சக்கரங்களின் பேரிங்கில் கிரீஸ் வைப்பது எங்கள் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண்ணுக்கு முன்னால் உருப்பெருக்கி, கையில் ஊசி. என்ன வேலை பார்க்கிறோம் என்று வீட்டில் நூறு தடவை விளக்கியும் யாருக்கும் புரியாமல் போன அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், வாருங்கள், சேர்ந்து உட்காருவோம்.

மோதிரம்

அதற்கு முன்னால் என் கணவரின் சைக்கிள் கடையில் உதவியாக இருந்தவள் நான். அங்கே கிரீஸ் என்றால் விரலால் வழித்து அப்புவதுதான். கம்பெனியில் முதல் நாள், மேற்பார்வையாளர் பிள்ளை சார் இரும்பு அலமாரியைத் திறந்து விரல் நீளக் குழாய் ஒன்றை எடுத்துத் தந்தார். பால் போல வெள்ளையாக, வாசனையே இல்லாத ஒன்று உள்ளே இருந்தது. பழகிப் பார்க்கச் சொன்னார். நான் பழைய ஞாபகத்தில் ஒரு பட்டாணி அளவுக்குப் பிதுக்கிவிட்டேன்.

பிள்ளை சார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தக் குழாயின் விலைக்கு நகைக்கடையில் என்ன வாங்கலாம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார்: "ஷைலஜா, நிங்க இப்பம் பிதுக்கினது ஒரு மோதிரமாக்கும்."

கிணற்றுக் கப்பி

செங்கல் என்ற எங்கள் ஊரில், பக்கத்து வீட்டுத் தங்கப்பன் அண்ணன் ரப்பர் வெட்டுகிறவர். அவர் வீட்டுக் கிணற்றுக் கப்பி விடியற்காலையில் போடும் சத்தத்தில் எங்கள் தெருவே எழுந்துவிடும். ஒரு நாள் வேலியோரம் வந்து, "மக்கா, உனக்க கம்பெனி எண்ணெயில ஒரு சொட்டு கொண்டு வா" என்றார். விலையைச் சொன்னேன். சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

காற்றே இல்லாத இடத்தில் சாதா எண்ணெய் ஆவியாகப் பறந்துவிடும், பறந்தது கேமராக் கண்ணாடியில் போய்ப் படியும், எங்கள் கிரீஸோ வெயிலில் உருகாமலும் நிழலில் உறையாமலும் இருக்க வேண்டும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்து மாதக்கணக்கில் சோதித்து விற்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். "ஒருக்கா மேல போனா பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு யாரும் மறுபடி எண்ணெய் போட முடியாது அண்ணா." வேலியைப் பிடித்தபடியே அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். வெள்ளை மேகங்கள் மெல்லப் போய்க்கொண்டிருந்தன. "அப்பம் வெல எண்ணெய்க்கு இல்ல மக்கா. ஆளு ஏறிப் போவ முடியாததுக்காக்கும்."

இஞ்சிவிளைச் சோதனை

தேர்தல் நேரம். நாகர்கோவில் பக்கத்தில் ஒரு சோதனைக்கூடத்துக்கு ஐஸ் பெட்டியில் குழாயை வைத்துக்கொண்டு காரில் போனேன். எல்லையில், இஞ்சிவிளைச் சோதனைச் சாவடியில் போலீஸ் நிறுத்தினார்கள். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பை, பைக்குள் ஒரு சின்னக் குழாய். பில்லைப் பார்த்த போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், மறுபடி பில்லைப் பார்த்தார். சீல் உடைந்தால் அவ்வளவும் வீண். முந்திக்கொண்டு சொன்னேன்: "சார், இது ஆகாசத்துக்கு உள்ள எண்ணெய். திறந்தா பின்ன ஒண்ணுக்கும் ஆகாது."

அவர் திறக்கவில்லை. குழாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பின்னால் லாரிகள் ஹார்ன் அடித்தன. அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அது மேல போயி எத்தினா நம்ம இஞ்சிவிளை ரோட்டையும் பாக்குமோ சேச்சி?"

நெற்றியில் தைலம்

எனக்கு எதிர் மேசையில் ஜெயந்தி. காரோடு என்ற ஊரிலிருந்து வருகிறவள். ஒரு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு பேரிங் முடித்திருந்தோம். கடைசி நாள் மதியம் அவள் சாப்பிட எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போனால் கண் கலங்கியிருந்தது. காலையில் பஸ்ஸில் தலைவலி தாங்காமல் நெற்றியில் தைலம் தேய்த்திருக்கிறாள். எங்கள் அறைக்குள் அதற்கு அனுமதி கிடையாது. கண்ணாடியைச் சரிசெய்யும்போது கையுறை நெற்றியில் பட்டு, அதே விரல் பேரிங்கிலும் குழாயின் வாயிலும் பட்டுவிட்டது.

யாரும் பார்க்கவில்லை. உருப்பெருக்கியிலும் ஒன்றும் தெரியவில்லை. அவள் மகளை நர்ஸிங் சேர்த்திருந்த சமயம் அது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, "யாரும் பாக்கல்லியே ஜெயந்தி" என்று முதலில் சொன்னது நான்தான். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். எழுந்து நேராகப் பிள்ளை சார் அறைக்குப் போனாள்.

ஒரு வார வேலை போயிற்று. அந்தக் குழாயும் குப்பைக்குப் போயிற்று. பிள்ளை சார் முதலாளி அறையில் ஒரு மணி நேரம் இருந்தார். உள்ளே என்ன பேசினார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. வெளியே வந்தபோது நாங்கள் இருவரும் எழுந்து நின்றோம். அவர் அலமாரியைத் திறந்து புதுக் குழாய் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "தலவலி கொறஞ்சுதா ஜெயந்தி?"

கடற்கரை

மறுபடி செய்த அந்த நான்கும் மேலே போயின. சக்கரங்கள் ஒழுங்காகச் சுழல்கின்றன என்று சில மாதம் கழித்துச் செய்தி வந்தது. அந்தச் செயற்கைக்கோள் நம் ஊருக்கு மேலே கடக்கும் நேரத்தை அலைபேசியில் பார்த்துவிட்டு, ஜெயந்தி எங்களைக் காரோட்டுப் பக்கத்துக் கடற்கரைக்குக் கூப்பிட்டாள். பிள்ளை சார் மனைவியோடு, கையில் குடையோடு வந்தார். வெயில் இறங்கி, கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துகொண்டிருந்தன.

வடக்கே தென்னந்தலைகளுக்கு மேல் ஒரு வெளிச்சப் புள்ளி எழுந்தது. மினுங்கவில்லை. நனைந்த மணலில் நண்டு நகர்வதுபோல ஓசையில்லாமல் நகர்ந்தது. நானும் ஜெயந்தியும் வைத்த சொட்டுகள் அதற்குள் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்தபோது, உட்கார்ந்திருந்த மணலே மெல்ல மிதப்பதுபோல் இருந்தது. அது கடலுக்கு மேலே போய், பூமியின் நிழலுக்குள் நுழைந்து மறைந்தது.

ஜெயந்தியின் கணவர் சேவியர் மீன்பிடிக்கிறவர். நாள் முழுக்கப் படகு என்ஜின் இரைச்சலிலேயே இருக்கிறவர். அவர் மட்டும் இன்னும் காதில் கைவைத்து அண்ணாந்து நின்றிருந்தார். "எலே, ஒரு சத்தமும் கேக்கல்லியே!"

பூமியிலேயே விலை கூடிய எண்ணெய்களில் ஒன்றை ஊசிமுனையில் அளந்து வைத்துவிட்டு, சாயங்காலம் நெய்யாற்றின்கரைச் சந்தையில் தேங்காயெண்ணெய் விலையைக் கேட்டு வாய் பிளந்து நிற்கிறவர்கள்தாம் நாங்கள்.