உங்களுடன் வராத ஒருவர்

கனடாவின் இந்தச் சிறிய நகரத்தில், ஒரே தெருவில், பதினோரு வருடமாகக் குடியிருக்கிறோம். போன ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கூடாரம், மெத்தைச் சுருள்கள், குக்கர், தண்ணீர்க் கேன், வாளி என்று வீட்டையே காலி செய்கிறவர்கள் மாதிரி காரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டுக்காரர் புல்லுக்குத் தண்ணீர் விட்டபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கையைத் தூக்கி, "ஹேவ் எ குட் ஒன்" என்றார். எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. திண்டிவனத்தில் எங்கள் தெருவில் ஒரு பெண் பால் பாக்கெட் வாங்கப் போனாலே நாலு பேர் எங்கே என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி இல்லாத ஊர் வேண்டும் என்றுதான் நான் விமானம் ஏறினேன். ஏறியதற்குக் கிடைத்த பலன் இந்தக் கையசைப்பு.

கேம்பிங் போகும் ஆசை மூத்தவள் ஜெனிக்கு. ஏழு வயது. வகுப்பில் எல்லோரும் கோடையில் கூடாரத்தில் தங்கியதைப் படம் வரைந்தார்களாம். இவள் வரைந்த கூடாரத்துக்குக் கதவும் ஜன்னலும் புகைபோக்கியும் இருந்தன. இவள் மட்டும் கூடாரத்தைப் பார்த்ததே இல்லை என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. என் கணவர் ராஜ் செஞ்சிப் பக்கம் அனந்தபுரத்துக்காரர். சின்ன வயதில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைக்குக் காவலாகத் தரையில் படுத்தே வளர்ந்தவர். "நல்லா வூட்டக் கட்டிக்கினு, அத வுட்டுட்டுக் காட்டுல போய்ப் படுக்கணுமா?" என்றார். படுக்கத்தான் வேண்டும் என்றேன். முதல் நாள் போய், கடைசி நாள் முடிந்து, தானாகக் கிளம்பி வர வேண்டும், நடுவில் யாரும் வந்து கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்றும் சொன்னேன். இது ஜெனியின் ஆசையா உன் ஆசையா என்று அவர் கேட்டார்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இங்கே காட்டில் ஒரு துண்டுத் தரைக்கு ஐந்து மாதம் முன்பே இடம் பிடிக்க வேண்டும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, காலை ஏழு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்து கோடைக்காகச் சண்டை போட வேண்டும். நான் கண்ணாடியை மாட்டுவதற்குள் கார் போகிற இடங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. மிஞ்சியது, காரை விட்டு இறங்கி அரை மணி நேரம் காட்டுக்குள் நடந்துபோகிற இடம். பக்கத்தில் ஏரி, பின்னால் சிறிய மலை. நாலு வயது ரீனாவை ராஜ் தூக்கிக்கொள்வார் என்று அதையே பிடித்தேன். அதற்குப் பிறகு பட்டியல்களும் படிவங்களும் வந்தன. கரடிக்கு மணம் போகாதபடி சாப்பாட்டை இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும். ராஜ் தன் பையில் ஒளித்துவைத்த கருவாட்டை நான் இரண்டு முறை வெளியே எடுத்தேன்.

அந்தப் படிவங்களில் ஒன்றில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நடந்துபோகிற இடத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு கட்டம். உங்களுடன் வராத ஒருவரின் பெயரும் எண்ணும் வேண்டும். சொன்ன நேரத்துக்கு நீங்கள் திரும்பாவிட்டால் காட்டுப் பூங்கா அலுவலகத்தைக் கூப்பிட்டுச் சொல்கிறவராக அவர் இருக்க வேண்டும். எங்களுக்கு நெருக்கமான ஒரே தமிழ்க் குடும்பம் அந்தக் கோடை முழுவதும் மதுரையில். அதனால் லிண்டாவைக் கேட்டேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை செய்கிறவள். எட்டு வருடமாக ஒரே மேஜையில் மதியச் சாப்பாடு. அவளுடைய நாயின் முட்டிவலி வரை எனக்குத் தெரியும். ஒரு டிபன் பாக்ஸைப் பிடி என்கிற மாதிரிதான் கேட்டேன். அவள் முள்கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள். பிறகு மிக மென்மையாக, அது பெரிய பொறுப்பு, எனக்கு அது கம்ஃபர்டபிளாக இருக்காது, நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் இல்லையா என்றாள். மாட்டேன் என்று சிரித்தேன். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

கம்ஃபர்டபிள். இந்த ஊரில் ஆளை வெட்டக் கத்தி வேண்டாம், இந்த ஒரு சொல் போதும். ராஜ் அவளுக்காக வக்காலத்து வாங்கினார். ஊரில் என்றால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறந்துபோவார்கள், இவள் முடியாது என்பதை முகத்துக்கு நேரே சொன்னாள், அது நேர்மை என்றார். இருக்கலாம். எனக்கு அன்றைக்கு நேர்மை வேண்டியிருக்கவில்லை. நாங்கள் நாலு பேரும் காட்டுக்குள் போய்த் திரும்பி வராவிட்டால், திங்கட்கிழமை என் நாற்காலி காலியாக இருக்கும்வரை இந்த நாட்டில் ஒருவருக்கும் தெரியாது. பதினோரு வருடம் வரி கட்டி, பனி தள்ளி, பிள்ளை பெற்று நான் சம்பாதித்தது இவ்வளவுதானா என்று வயிறு எரிந்தது.

"சார்லஸ் மச்சான் பேரப் போடேன்" என்றார் ராஜ். நான் அவரைப் பார்த்த பார்வையில் எழுந்து போய்விட்டார்.

சார்லஸ் என் அண்ணன். என்னைவிட ஐந்து வயது மூத்தவன். விழுப்புரத்தில் வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். அப்பா இறந்த பிறகு அவன் அப்பாவானான். யாரும் அவனைக் கேட்டுக்கொள்ளவில்லை, அவனாகவே ஆனான். நான் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் கல்லூரிக்கு பஸ்ஸில் போய்வந்த மூன்று வருடமும், எந்த பஸ்ஸில் ஏறினேன், எந்த சீட்டில் உட்கார்ந்தேன், யார் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் கண்டக்டர்கள் வழியாக அவனுக்குப் போய்விடும். பஸ் கால் மணி நேரம் தாமதமானால் பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நிற்பான். ஒரு வார்த்தை திட்ட மாட்டான். "ஏன் லேட்டு?" என்று மட்டும் கேட்பான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இரண்டாம் வருடம் கல்லூரியில் ஏழு நாள் சேவை முகாம் போட்டார்கள். இடம் பெருமுக்கல். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் படுக்கை, பகலில் ஊர்வேலை, ஐந்தாம் நாள் எல்லோரும் சேர்ந்து மலை மேல் கோயிலுக்கு ஏறுவதாகத் திட்டம். அண்ணனிடம் கேட்டால் நடக்காது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு வரிசையில் நிற்கிறேன், பள்ளிக்கூட வாசலில் அவன் வண்டி. "பைய எட்த்துக்கினு வா" என்றான். அவ்வளவுதான். முகாமுக்குப் பொறுப்பான மேடம் ஏதோ சொல்லிப் பார்த்தார். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அறுபது பெண்கள் தட்டோடு பார்த்துக்கொண்டிருக்க, நான் பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். அடுத்த வாரம் அவர்கள் மலையில் எடுத்த போட்டோக்களைக் காட்டினார்கள். அந்த மலையை நான் இன்றுவரை ஏறவில்லை. அண்ணனை மன்னிக்கவும் இல்லை.

அப்படிப்பட்டவன் பெயரை என் கையாலேயே அந்தக் கட்டத்தில் எழுதினேன். வேறு யார் இருந்தார்கள்? போனில் சொன்னபோது வழக்கம்போலக் கேள்விகள். என்ன காடு, கூட யார் யார், பாம்பு உண்டா, கக்கூஸ் எவ்வளவு தூரம். "டேராவுக்குத் தாழ்ப்பா இருக்குதா?" என்றான். ஜிப்புதான் என்றேன். அதற்கு மேல் பேசப் பிடிக்காமல், காட்டில் சிக்னல் இருக்காது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் என்னிடமிருந்து போன் வராவிட்டால் மட்டும் இந்த எண்ணுக்குக் கூப்பிடு என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். சரி என்று பதில் வந்தது.

வெள்ளியும் சனியும் நன்றாகத்தான் போயின. ரீனாவின் கண்ணிமையைக் கொசு வீங்க வைத்தது. ராஜ் கல் அடுப்பில் சோறு வடித்து, பக்கத்துக் கூடாரத்துக்காரர்களை வரவழைத்துச் சாப்பிட வைத்தார். ஜெனி ஏரித் தண்ணீரில் கை விரல்கள் சுருங்கும்வரை கிடந்தாள். ஞாயிறு காலை மலை. உச்சியில் ஒரு பாறை இருக்கிறது, அங்கே நின்றால் மொத்த ஏரியும் தெரியும் என்று வரைபடத்தில் போட்டிருந்தது. ஜெனி முதல் நாளே தன் பையில் பிஸ்கட்டையும் வரைபடத்தையும் எடுத்துவைத்துவிட்டாள். ஒன்பதரை மணி இருக்கும். நான் ரீனாவுக்கு ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். மரங்களுக்கிடையே காக்கி உடையில் ஒரு பெண் வேகமாக வந்தாள். பூங்காவின் ரேஞ்சர்.

நீங்கள்தானே ஸ்டெல்லா, எல்லோரும் நலமா, யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். உங்கள் சகோதரர் அலுவலகத்துக்குப் போன் செய்தார், நீங்கள் திரும்பி வரவில்லை என்றார், 'மை சிஸ்டர், டூ ஸ்மால் சில்ட்ரன்' என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார், நேரில் போய்ப் பார்க்கிறோம் என்று வாக்குக் கொடுக்கும்வரை போனை வைக்க மறுத்தார் என்றாள். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. விழுப்புரத்தில் மாலை ஆறு அடித்திருந்தது. இங்கே அப்போது காலை எட்டரை. நான் யாருடைய ஆறு மணி என்று எழுதவில்லை. நாங்கள் அரஸ்ட்டா என்று ஜெனி கேட்டாள்.

ரேஞ்சர் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவர் உங்களைக் கண்காணிக்கிறாரா, நீங்கள் இருக்கும் இடம் அவருக்குத் தெரிவதில் உங்களுக்கு ஆபத்து ஏதும் உண்டா, சொல்லுங்கள், இங்கே நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள் என்றாள். இருபது வருடம் முன்னால் பெருமுக்கல் வாசலில் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஆமாம் என்று கத்தியிருப்பேன். இப்போது எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. என் அண்ணனைப் பற்றிக் கேட்க இவள் யார்? "ஹி இஸ் மை எமர்ஜென்சி கான்டாக்ட்" என்றேன். என் குரல் எனக்கே சண்டைக்குப் போகிற குரலாகக் கேட்டது. அவள் ஏதோ எழுதிக்கொண்டாள். நாங்கள் பத்திரமாக இருப்பதாக அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். ராஜ் பையை எடுக்கக் குனிந்தார். நீங்கள் போய்க் கையெழுத்துப் போடுங்கள், நானும் பிள்ளைகளும் மலைக்குப் போகிறோம் என்றேன். இந்தத் தடவை நான் பையை எடுப்பதாக இல்லை.

ரீனாவைப் பாதித் தூரம் இடுப்பில் சுமந்தேன். கோபம் இருந்ததால் கனம் தெரியவில்லை. பாறை உச்சியில் ஜெனி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினாள். அந்த நேரத்தில் என் பாக்கெட்டில் போன் அதிர ஆரம்பித்தது. மலை மேல் சிக்னல் இருந்தது. தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன, எல்லாம் அண்ணனுடையவை. கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"எங்க இருக்க?"

இந்தக் கேள்விக்கு இனி பதில் சொல்வதில்லை என்றுதான் நாடு தாண்டினேன். "மலை மேல" என்றேன். பிறகு பிள்ளைகளுக்குக் கேட்காதபடி தள்ளிப் போய், இருபது வருடத்துக்கும் சேர்த்துத் திட்டினேன். ஆறு மணி என்றால் இங்கே ஆறு மணி என்று தெரியாதா என்றேன். "நீ அப்படி எழுதலியே. எனக்கு ஒரே ஆறு மணிதான் தெரியும்" என்றான். பெருமுக்கல்லையும் எடுத்துப் போட்டேன். "அன்னிக்கு நீ வரலன்னு கடைசி பஸ்ஸு வரிக்கும் பஸ் ஸ்டாண்டுலயே நின்னுக்கினு இருந்தேன். எங்க போனன்னு அம்மா மறுநாள்தான் சொல்லுச்சி" என்றான். இது எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. தெரிந்ததும் கோபம் குறையவில்லை. முழுசாகக் கோபப்படவும் முடியாமல் பண்ணிவிட்டானே என்று அது வேறு சேர்ந்துகொண்டது.

"வந்த இல்ல? பாத்துட்டுப் போயிருக்கலாம்ல அண்ணா? நான் நல்லா இருக்கன்னு பாத்துட்டு, அப்படியே திரும்பிப் போயிருக்கலாம்ல?"

அவன் கடைக்கு வெளியே ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போவது எனக்குக் கேட்டது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எறங்கும்போது புள்ளைங்களப் புடிச்சிக்கினு எறங்கு. எறங்கிட்டுச் சொல்லு" என்றான். சொல்ல மாட்டேன் என்று வைத்துவிட்டேன்.

கூடாரத்தைப் பிரித்து, நாங்களாகவே கிளம்பினோம். ராஜ் காரை ஓட்டினார். பின்சீட்டில் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். காட்டைத் தாண்ட இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். சிக்னல் இல்லை. என் கையில் போன். "எறங்கியாச்சு" என்று எப்போது தட்டினேன் என்று தெரியவில்லை. அனுப்பும் பொத்தானையும் அழுத்தியிருக்கிறேன். செய்தி போகாமல், பக்கத்தில் சின்னக் கடிகாரக் குறியோடு நின்றுகொண்டிருந்தது. அண்ணன் அங்கே கடை ஷட்டரை இறக்காமல் உட்கார்ந்திருப்பான். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். இந்த நாட்டில் அப்படி உட்கார்ந்திருக்க எனக்கு ஒருவர்கூட இல்லை என்பதையும், அவன் உட்கார்ந்திருப்பதையும், என்னால் இரண்டையுமே பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சிக்னல் வருகிறதா என்று போனை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.