பின்குழாயில் எட்டு டின்

கமலவேணி டீச்சர் இறந்த செய்தி எனக்கு வாட்சப்பில் ஒரு வெள்ளைப் பூவாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, வழியில் ஆயர் ஈத்தாம் ஊரில் காரை நிறுத்திவிட்டுத் தேநீருக்குச் சொல்லியிருந்தேன். எங்கள் பள்ளி ஆசிரியர் குழுவில் யாரோ ஒருவர் பூப்படத்தைப் போட, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அதையே போட்டுக்கொண்டு போனார்கள். யாருக்காக இந்தப் பூ என்று தெரிந்துகொள்ள நான் மேலே தேடிப் போக வேண்டியிருந்தது. பூக்களுக்கு நடுவே, மதிப்பெண்களைத் திங்கட்கிழமைக்குள் பதிவேற்றச் சொல்லி ஒரு நினைவூட்டலும் கிடந்தது. அதற்கும் ஒருவர் அவசரத்தில் பூப் போட்டிருந்தார். டீச்சர் இருந்திருந்தால் இதை ரசித்திருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். குளுவாங் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஓய்வு பெற்று இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நான் அதே பள்ளியில் சரித்திர ஆசிரியன். இறுதிச் சடங்கன்று ரெங்கத்தில் அவர் வீட்டு வாசலில் நின்று, "எப்பவும் சிரிச்ச முகம்" என்று பேசிக்கொண்டார்கள். உங்களுக்குத் தெரியும், டீச்சர் அப்படிச் சிரிக்கிறவர் இல்லை. இறந்தவரைப் பற்றி நல்லதைப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு யாரையோ பற்றிப் பேசாதீர்கள்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஆசிரியர் அறைக் கதவு எனக்கு மட்டும் திறக்க மறுத்தது. தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "சார், நீங்க கீல் பக்கத்துலயே தள்ளுறீங்க. தூரமா, பிடிகிட்ட தள்ளுங்க. விரல் போதும்." தள்ளினேன். திறந்துகொண்டது. உள்ளே போனதும், தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் தலையைத் தூக்காமலே, "அதுதான் திருப்புவிசை. எவ்வளவு பலம்னு கேக்கக் கூடாது. எங்கன்னு கேக்கணும்" என்றார். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் கீல் பக்கத்திலேயே தள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். அதற்கு அறையில் யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் கால்பந்துத் திடலில் இரண்டு கோல்கம்பங்கள் உண்டு. மண்ணில் புதைத்தவை அல்ல, தூக்கி வைக்கிற இரும்புச் சட்டங்கள். முன்னால் இரண்டு தூணும் மேலே குறுக்குக் குழாயும். அங்கிருந்து பின்னால் சரிந்து இறங்கும் குழாய்கள், அவற்றை இணைத்துத் தரையோடு கிடக்கும் ஒரு பின்குழாய். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள், ஒரு மாணவன் குறுக்குக் குழாயைப் பிடித்துத் தொங்கி முன்னும் பின்னுமாக ஆடியதை டீச்சர் மாடியிலிருந்து பார்த்தார். நாமாக இருந்தால் பையனைப் பார்த்திருப்போம். அவர் பின்குழாயைப் பார்த்தார். பையன் முன்னால் ஆடும்போதெல்லாம் அது தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியிருக்கிறது.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்றார். படம் வரைந்த தாள் கையில் இருந்தது. இந்தச் சட்டத்தின் எடை பெரும்பாலும் முன்னால் இருக்கிறது, பின்னால் ஒன்றுமே இல்லை, ஒருநாள் இது ஒரு பிள்ளையின் தலையில் விழும், பின்குழாயில் எடை கட்ட வேண்டும் என்றார். அப்போதிருந்த முதல்வர், இத்தனை வருடம் விழாதது இனிமேலா விழப்போகிறது என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

விளையாட்டுப் பிரிவின் செயலாளர் நான். கூட்டக் குறிப்பு எழுதுவதும் என் வேலை. தன் எச்சரிக்கையைக் குறிப்பில் ஏற்றும்படி டீச்சர் கேட்டிருந்தார். கூட்டம் முடிந்து முதல்வர் என்னைத் தனியாக அழைத்தார். எழுதிவைத்தால் நாளைக்கு யாராவது பதில் சொல்ல வேண்டிவரும் என்றார், அவ்வளவுதான். மதிய நேரப் பள்ளிக்குத் துணை முதல்வர் பதவி அப்போது காலியாக இருந்தது, அதற்கு என் பெயர் போயிருந்தது. 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பின் கீழ் 'இல்லை' என்று எழுதினேன். பதவி கிடைத்தது. பத்து வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இதையும் சொல்லாமல் நான் அஞ்சலி எழுதினால் அதுவும் இன்னொரு வெள்ளைப் பூதான்.

குறிப்பைப் படித்துக் கையெழுத்துப் போட எல்லாரிடமும் கொண்டுபோனேன். டீச்சர் முழுவதும் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "ஒத்துக்கிட்டதுக்குப் போடல குணா சார். படிச்சதுக்குப் போட்டேன்."

திடலைப் பற்றி அவ்வளவு கவலைப்படுகிறவர் திடலையே பார்த்துக்கொள்ளட்டும் என்று சனிக்கிழமைக் காவல் பணியை அவர் தலையில் கட்டினார்கள். தண்டனை என்று எல்லாருக்கும் தெரியும். அவர் ஒரு கடைக்காரரிடம் காலிப் பெயிண்ட் டின்களைக் கேட்டு வாங்கி, தானே சிமெண்ட் கலந்து ஊற்றினார், ஒரு கம்பத்துக்கு எட்டு டின் கணக்கில். தோட்டக்காரர் பாக் மான் உதவிக்கு வந்து, அவற்றை முன்தூண்களின் காலடியில் அடுக்கிவைத்தார். கம்பம் நிற்பது அங்கேதானே என்பது அவர் நியாயம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

டீச்சர் ஒன்றும் வாதாடவில்லை. குறுக்குக் குழாயில் ஒரு கயிற்றைக் கட்டி, முன்பக்கம் எட்ட நின்று என்னை இழுக்கச் சொன்னார். "கம்பத்தப் பாக்காதீங்க, பின்குழாயப் பாருங்க." இழுத்தேன். எட்டு டின் இருந்தும் பின்குழாய் சுலபமாக மேலே வந்தது. "போதும், விடுங்க. கம்பம் எந்த இடத்த மையமா வச்சுக் கவிழுமோ, அங்கயே பாரத்த வச்சா பாரம் என்ன செய்யும்? சும்மா உக்காந்திருக்கும், நம்ம கூட்டத்துல உக்காந்திருக்கிற மாதிரி." டின்களைப் பின்குழாய்க்கு நகர்த்திச் சங்கிலி போட்டோம். மறுபடி இழுத்தேன். கயிறு என் உள்ளங்கையை அறுத்தது, பின்குழாய் அசையவில்லை. பாக் மான் தலையைச் சொறிந்துகொண்டு, "அலமாக்" என்றார், மலாயில் அடடா என்பதுபோல்.

அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகள் தொங்கினார்கள், ஆடினார்கள், ஒன்றுமே நடக்கவில்லை. அதையே காட்டி, பார்த்தீர்களா, வீண் பயம் என்றார்கள். டீச்சர் வகுப்பில் சொல்வதுண்டு: "ஒரு பொருள் அசையாம நிக்குதுன்னா யாரும் தள்ளலன்னு அர்த்தம் இல்ல. யாரோ எதிர்ப்பக்கம் பிடிச்சிருக்காங்க." பாராட்டு விழாக்களில் அவர் பெயர் ஒருமுறையும் வந்ததில்லை. நல்ல சேவைச் சான்றிதழ் எனக்கு இரண்டு முறை வந்தது.

போன வெள்ளிக்கிழமை பள்ளியில் அவருக்கு நினைவு நிகழ்ச்சி நடந்தது. இப்போதைய முதல்வர் நல்லவர், டீச்சரைப் பற்றி உருக்கமாகவே பேசினார். பேசி முடித்து எங்களைத் திடலுக்கு அழைத்துப் போனார். டின்களுக்கெல்லாம் நீலச் சாயம் பூசி, வெள்ளையில் டீச்சரின் பெயரை எழுதியிருந்தார்கள். பின்னால் இருந்தால் யார் கண்ணிலும் படாது என்று முன்தூண்களின் காலடிக்குக் கொண்டுவந்து, பக்கத்துக்கு நான்காக அழகாக அடுக்கி, மேலே ஒவ்வொரு பூச்சட்டி. துருப்பிடித்த சங்கிலி பார்க்க நன்றாக இல்லையாம், கழற்றி எறிந்துவிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை கேட்டிருக்கிறேன். பிள்ளையாரைக் கொன்றுவிட்டு அவருக்கே மாலை போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

குழுப்படத்துக்கு ஆசிரியர்கள் கம்பத்துக்குக் கீழே நின்றார்கள். இரண்டு மாணவர்கள் எம்பிக் குறுக்குக் குழாயைப் பிடித்தார்கள். என் கண் தானாகப் பின்குழாய்க்குப் போனது. அது எழும்பியது.

இறங்கச் சொல்லிக் கத்தினேன். விழாவுக்குப் போட்டுவந்த பத்தேக் சட்டையோடு குனிந்து, பூச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். "நந்தி லா சிக்கு, காம்பார் டுலு" என்றார் முதல்வர். படம் முதலில், மற்றது பிறகு என்கிறார். "அப்புறம் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது டின்னுக்குப் போனேன். யாரும் உதவிக்கு வரவில்லை. எட்டையும் நானே சுமந்து, சங்கிலி இல்லாததால் கயிற்றால் பின்குழாயோடு கட்டினேன், அடுத்த கம்பத்தின் எட்டையும் சுமந்தேன். சட்டை முழுக்க நீலச் சாயம். ஐம்பத்தாறு வயதில் இடுப்பு இன்னும் வலிக்கிறது, வலிக்கட்டும்.

திங்கட்கிழமை கூட்டக் குறிப்பை நான் கேட்டு வாங்கி எழுதினேன். 'இதர விஷயங்கள்' என்பதன் கீழ்: 'கோல்கம்பங்களின் எடை பின்குழாயில், சங்கிலியோடு இருக்க வேண்டும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இதைச் சொன்னவர் ஆசிரியை கமலவேணி. அதை எழுதாமல் விட்டவன் நான்.' கடைசி வரி தேவையா என்று முதல்வர் கேட்டார். தேவை என்றேன். குறிப்பு இப்போது மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கிறது. படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள்.

பழைய குறிப்பின் தாளைக் கோப்பிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். டீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். 'இல்லை' என்று நான் எழுதிய பொய்யும், அதற்குக் கீழே, படித்ததற்காக அவர் போட்ட கையெழுத்தும்.