முழுத்திரையில் விழுந்த எழுத்துகள்

கண் ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து, எதைக் கேட்டாலும் என் கணவர் "தெரியுது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். காலண்டர் தெரியுதா? தெரியுது. டி.வி.? அதுவும் தெரியுது. சாம்பாரை மட்டும் தட்டுக்கு வெளியே ஊற்றுவார். நான் பயந்துவிடக் கூடாதாம். எனக்குக் கோபம்தான் வந்தது. எவ்வளவு பார்வை மிச்சம் என்று தெரியாமல் ஒருத்தி எப்படி நிம்மதியாகத் தூங்குவாள்?

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. தலையில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் எங்கள் தென்காசி வீட்டில் அருவிப் பேச்சே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தவரிடம், அந்தப் பழைய விளையாட்டைப் போடுவோமா என்று கேட்டேன். கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்த காலத்தில் அவரே எழுதியது. மேலிருந்து எழுத்துகள் விழும். தரையைத் தொடுமுன் அதே எழுத்தைத் தட்ட வேண்டும். இதில் பொய் சொல்ல முடியாது என்பது என் கணக்கு.

எங்கள் லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ்; அந்தப் பழைய ஆட்டம் அதில் நேராக ஓடாது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் ஒன்றை அவர் முன்பே அதில் போட்டு வைத்திருந்தார். திறந்தால் ஆட்டம் தீப்பெட்டி அளவுக்கு வந்து நின்றது. எனக்கே கண்ணாடி தேவைப்பட்டது. முழுத்திரையில் வர ஒரு செட்டிங்ஸ் ஃபைல் எழுத வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். எமுலேட்டர் திறக்கவே மாட்டேன் என்றது.

"என்ன சொல்லுது?"

"முத வரி தப்புன்னு சொல்லுதுங்க."

"வாசி, பாப்போம்."

வாசித்தேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. இன்னொரு தடவை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏட்டி, நான் சொன்ன வரிக்கு மேல என்னமும் கெடக்கா?"

"ஒண்ணுமில்லயே. பிள்ளையார் சுழிதான்."

பலசரக்குச் சீட்டானாலும் மேலே ஒரு 'உ' போடாமல் எனக்குக் கை ஓடாது. அதை யார்தான் வாய்விட்டு வாசிப்பார்கள்? அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அதுவரை அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை.

"அதுக்கு முன்னால ஒரு ஹேஷ் குறி போடு. அது இருந்தா அந்த வரிய கம்ப்யூட்டர் வாசிக்காது. பிள்ளையார் அவர் பாட்டுக்கு இருக்கட்டும்."

போட்டேன். திரை ஒரு நொடி கறுத்து, பிறகு உள்ளங்கை அகலத்துக்கு எழுத்துகள் விழ ஆரம்பித்தன. அவர் விரல்கள் ஓடின. இடப்பக்கம் விழுந்ததில் ஒன்றுகூடத் தப்பவில்லை. நடுவிலும் அப்படித்தான். வலது ஓரத்தில் விழுந்தவை மட்டும் யாரும் தொடாமல் தரைக்குப் போய்ச் சேர்ந்தன. ஆட்டம் முடிந்தது.

"அந்த ஓரம் மட்டும் தெரியலட்டி" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அவர் வாயால் 'தெரியல' என்று கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியென்றால் மற்றதெல்லாம் மெய்யாகவே தெரிகிறது. அழுகையும் சிரிப்புமாக எழுந்து, இத்தனை நாளும் அவருக்கு வலப்பக்கம் கிடந்த என் நாற்காலியைத் தூக்கி இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தேன்.