நெட்போல் மிஸ் என்று கூப்பிடாதீர்கள்

பள்ளிக்கூட வாசலில் நிற்கும் காவலாளி நல்ல மனிதர். தினமும் மத்தியானம் என் தோளில் தொங்கும் பந்துப் பையைப் பார்த்துவிட்டு, "நெட்போல்த மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்பார். "நே, ஹேண்ட்போல்" என்று மறுப்பேன். "ஆ, ஹரி ஹரி, நெட்போல்" என்று திருப்தியாகத் தலையாட்டிக் கதவைத் திறப்பார். வந்த புதிதில் விளக்கிச் சொன்னேன். பிறகு கையை வீசி எறிந்தே காட்டினேன். அதற்கும் ஹரி ஹரிதான். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன்.

தமிழ்நாட்டு அணிக்காக ஹேண்ட்பால் ஆடித் தங்கம் வாங்கியவள் நான். திருச்சியில் ரயில்வே வேலை கிடைத்ததே அந்த விளையாட்டால்தான். அதை விட்டுவிட்டு, கொழும்பு, புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தேன். "அங்கேயும் தமிழ்தானே, உனக்கென்ன கஷ்டம்?" என்றுதான் ஊரில் எல்லோரும் வழியனுப்பினார்கள். இதைப் படிக்கிற நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பெண்பிள்ளை என்றால் நெட்போல்தான். உயரக் கம்பத்தில் ஒரு வளையம். பந்து கைக்கு வந்ததும் நின்றுவிட வேண்டும். நின்று, பார்த்து, கொடுக்க வேண்டும். எதிராளிமேல் இடிக்கக் கூடாது. சின்ன வகுப்பிலிருந்தே இது காலில் ஊறிவிடுகிறது. கொட்டாஞ்சேனையில் இந்தப் பள்ளிக்கு ஹேண்ட்பால் பயிற்சியாளராக வந்த முதல் நாள் பார்த்தது இன்றும் மாறவில்லை. பந்தைப் பிடித்ததும் என் பிள்ளைகள் அப்படியே நின்றுவிடுகிறார்கள். அவர்களிலேயே கெட்டிக்காரி ரிஸ்னா. புலி மாதிரி பாய்ந்து பந்தைப் பிடிப்பாள். பிடித்ததும் புகைப்படத்துக்கு நிற்பதுபோல நிற்பாள். தப்பித் தவறி எவள் மேலாவது தோள் பட்டுவிட்டால், "சொரி, சொரி" என்று திரும்பிப் பார்ப்பாள். அதற்குள் பந்து போய்விடும். ஐயோ, என் வயிறு எரியும்!

எங்கள் திருச்சி மைதானத்தில் சொரி என்ற சொல்லுக்கு வேலையே இருந்ததில்லை. செம்மண் புழுதிக்குள்ளிருந்து எங்கள் கோச் போடும் சத்தம் காவிரிப் பாலம் வரை கேட்கும். "ஏறுடி! இடிடி! என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற?" மூச்சு விடும் நேரத்துக்குள் சொல்லி முடிக்கிற சொற்கள். மூன்று அடி வைத்து, எழும்பி, எறிய வேண்டிய ஆட்டத்தில் அதற்குமேல் நீளமாக என்ன சொல்லிவிட முடியும்? அந்த 'டி'யில் ஏச்சும் இருந்தது, நீ என் பிள்ளை என்பதும் இருந்தது. எங்களில் யாரும் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை.

அதே வாயோடுதான் இங்கேயும் வந்தேன். வந்த மாதமே அதிபர் கூப்பிட்டார். இங்கே தலைமையாசிரியைக்கு அதுதான் பெயர். யாழ்ப்பாணத்துப் பெண்மணி, குரலை உயர்த்தாதவர்.

"மிஸ், இஞ்ச பிள்ளையளை டி போட்டுக் கூப்பிடுறேல்ல. ரிஸ்னாவின்ர தாய் வந்தவ. வேலைக்காரியைக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிடுறியளாம்."

"எங்க ஊர்ல அது செல்லமாச் சொல்றது மேடம்."

"ஓம், அது உங்கட ஊரில."

அன்றிலிருந்து நான் மரியாதையாகப் பயிற்சி கொடுக்கிறேன். "மகள், கொஞ்சம் முன்னுக்குப் போங்கோ." சொல்லி முடிப்பதற்குள் எதிர்ப்பக்கம் கோல் போட்டுவிடுகிறது. நாக்கு நுனிவரை வரும் 'டி'யை விழுங்கி விழுங்கி எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

இதற்கிடையில் திடலுக்குச் சண்டை வந்தது. நெட்போல் அணி வளர்ந்துவிட்டது. அவர்களுக்குத் திடல் முழுதாக வேண்டும். அதிபரிடம் போய் மன்றாடினேன். "ஒரு நல்ல மேட்ச் காட்டுங்கோ மிஸ். இது எங்கட பிள்ளையளுக்குச் சரிவரும் எண்டு தெரிஞ்சால் ஹேண்ட்போல் கோடு அடிச்சே தாறன். இல்லாட்டி அடுத்த பள்ளித் தவணை திடல் முழுக்க நெட்போலுக்குத்தான்" என்றார். அப்போதுதான் என்னோடு மாநில அணியில் ஆடிய செல்வி, தான் பயிற்சி கொடுக்கும் திருச்சிப் பள்ளி அணியோடு கொழும்புக்கு வருவதாகச் சொன்னாள். "ஒரு காலையில எங்க ஸ்கூலுக்கு வாடி" என்று கெஞ்சினேன். என் கணவர் கடைக் குழாய்களை வைத்து இரண்டு கோல் கம்பங்கள் ஒட்டவைத்துக் கொடுத்தார். சுண்ணாம்பில் நானே கோடு போட்டேன்.

திருச்சிப் பெண்கள் வந்து இறங்கினார்கள். அதே எண்ணெய் தடவிய இறுக்கமான பின்னல், அதே அலட்டல், அதே "ஏய், ஷூவ எடுடி." என் பிள்ளைகள் அவர்களுக்குக் கை கொடுத்து, "வணக்கம், நல்லா இருக்கிறீங்களா?" என்றார்கள். தொலைந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

தொலைந்ததுதான். அவர்கள் இடித்தார்கள், இவர்கள் சொரி சொன்னார்கள். அவர்கள் ஓடினார்கள், இவர்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதிபர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். கடைசி நிமிடங்களில் பந்து ரிஸ்னாவின் கைக்கு வந்தது. முன்னால் கோல் கீப்பரைத் தவிர ஒருத்தியும் இல்லை. ரிஸ்னா நின்றாள். எனக்குள் ஏதோ அறுந்தது.

"ஏறுடி! என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? ஏறுடி!"

ரிஸ்னா திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் அந்தக் குரலுக்கு ஆறு திருச்சிப் பெண்கள் பாய்ந்தார்கள். ஒருத்தி ரிஸ்னாவின் கையிலிருந்த பந்தைத் தட்டிப் பறித்தாள், இன்னொருத்தி ஓடி, எழும்பி, எறிந்தாள். வலை அதிர்ந்தது. அது எங்கள் கோச் சொல்லிக்கொடுத்த எறி. அதை எனக்குத் தெரியாதா? என் கைகள் தாமாகத் தட்டிவிட்டன. இரண்டு தட்டு. அதற்குள் என் பிள்ளைகள் ஏழு பேரும் என்னைப் பார்த்தபடி நிற்பது தெரிந்தது. கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

"உன் பிள்ளைங்க ரொம்ப மரியாதையா விளையாடுறாங்கடி" என்றாள் செல்வி, பேருந்தில் ஏறும்போது. அதிபர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மிஸ், நீங்கள் எந்தப் பக்கம்?" பதில் வரும்வரை அவர் நிற்கவில்லை. அடுத்த தவணை திடல் நெட்போலுக்கு என்று மறுநாள் காலைக் கூட்டத்தில் அறிவித்தார்.

தவணை முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துத்தான் திடலுக்குப் போனேன். ரிஸ்னா நின்றாள், பின்னால் மற்றவர்களும் நின்றார்கள். முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

"அவங்களுக்கு மட்டும் ஏன் மிஸ் அப்படிக் கத்தினீங்க?"

"அவங்களுக்கு இல்லம்மா. உனக்குத்தான் கத்தினேன்."

அவள் என் பையிலிருந்து பந்தை எடுத்து நீட்டினாள். "அப்ப எங்களையும் அப்படியே கூப்பிடுங்க. உம்மாக்கிட்ட நான் சொல்றேன்."

சுண்ணாம்புக் கோடு மழையில் பாதி கரைந்திருந்தது. ரிஸ்னாவுக்குப் பந்தை எறிந்தேன். பிடித்தாள். வழக்கம்போல நின்றாள். நின்று, வேண்டுமென்றே என்னைப் பார்த்தாள். இத்தனை காலம் விழுங்கிய அந்தச் சொல்லுக்கு இப்போது தடையே இல்லை. வாயைத் திறந்தேன்.

"ஓடுங்கோ மகள்" என்றுதான் வந்தது.

ரிஸ்னாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே மூன்று அடி ஓடி, எழும்பி, எறிந்தாள்.