எட்டாம் நம்பர் தோட்டாவும் மயில் கூட்டமும்

என் அக்கா கோமளவல்லியின் வீட்டுக்காரர் ராஜகோபால் பாவாவுக்குத் தெரியாத தோட்டா கிடையாது. தெரிந்து என்ன பிரயோசனம்? திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகும் சாலையை ஒட்டி அவருக்கு ஒரே துண்டு மானாவாரி நிலம். பயிரைக் காக்க லைசென்ஸ் வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று. விசைத்தறியை நிறுத்திவிட்டு நான் எப்போது போனாலும், காப்பி வருவதற்குள் தோட்டாப் பேச்சு வந்துவிடும்.

"நம்பர் ஏற ஏற உள்ள இருக்கற ஈய ரவை சின்னதாவும் மச்சான்" என்பார்.

அக்காவுக்கு இது இன்றுவரை பிடிபடவில்லை. "எட்டு பெருசா, நாலு பெருசா? சின்னப் புள்ளகூட சொல்லும்" என்பாள். பாவா தலையில் அடித்துக்கொள்வார்.

எட்டாம் நம்பர் தோட்டாவுக்குள் கடுகு மாதிரி ரவை, நூற்றுக்கணக்கில் இருக்கும். அது காடைக்கு. ஆறு கௌதாரிக்கு, நாலு முயலுக்கு. அதற்கும் பெரிதென்றால் எழுத்துக் கணக்கு: பி.பி. நரிக்கு, எஸ்.ஜி.யும் எல்.ஜி.யும் பன்றிக்கு. எல்.ஜி.யில் ஆறே உருண்டை, ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை அளவு. பன்றிமேல் எட்டைப் போட்டால் முதுகு சொறிந்துவிட்ட மாதிரிதான். காடைமேல் எல்.ஜி. போட்டால் ஒன்று தப்பும், இல்லை இறகுதான் மிஞ்சும்.

இத்தனையும் பேசலாம், சுடக் கூடாது. சட்டம் விடாது. சத்தம் காட்டி விரட்டலாம், அவ்வளவுதான். சட்டம் கிடக்கட்டும், அவர் நிலத்தை அழித்தது பன்றியுமில்லை, நரியுமில்லை. மயில்.

"அதுக்கு ஆறாம் நம்பரே போதுமே பாவா" என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். வருஷம் தவறாமல் ஆடிக் கிருத்திகைக்கு மலையேறி மொட்டை போடுகிற மனுஷன், முருகன் வாகனத்தைச் சுடுவாரா?

ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். இவரும் தேடித்தான் வேர்க்கடலை விதைத்தார். மயில்கள் ஏர் உழுத சாலிலேயே நடந்து, விதைத்தவரைவிட ஒழுங்காகக் கிளறித் தின்றன. மறுபடி விதைத்தார். அதுவும் போச்சு. மூன்றாம் முறைக்கு, வீட்டில் சாப்பிட வைத்திருந்த கடலையை அக்கா உடைத்துக் கொடுத்தாள். இதுவும் போனால், மறுபடி விதைப்பதற்குள் மண் ஈரம் காய்ந்துவிடும். அந்த வருஷம் நிலம் தரிசுதான்.

கிருத்திகைக்கு முந்தின நாள் காலையில் முளை தலைகாட்டியது. நான் அங்கேதான் இருந்தேன். முளையைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட விடவில்லை, மயில்கள் இறங்கிவிட்டன. அக்கா தட்டைத் தட்டினாள். நான் துண்டை வீசிக் கத்தினேன். ஒன்றுகூட நிமிரவில்லை. பாவாவுக்குப் பொறுமை போய்விட்டது, நிலத்தோரத்து வீட்டுக்குள் போய்த் துப்பாக்கியை எடுத்து வந்தார்.

"எட்டுதான் போடறேன் மச்சான். ரோட்டுக்கு முதுகு காட்டினு, அந்தக் கல்லுக் கரட்டுப் பக்கம் மேல சுடறேன். கடுகாட்டம் உதுந்துடும். யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

தோட்டாவில் அவர் தப்பு செய்யவில்லை. மயிலின் குணத்தில்தான் கோட்டைவிட்டார். இடி இடித்தாலும் வெடி வெடித்தாலும் மயில் பதில் குரல் கொடுக்கும். அவர் சுட்டதும் நிலத்தில் நின்றவை, வேப்பமரத்தில் இருந்தவை, கரட்டில் கிடந்தவை எல்லாம் ஒன்றாக அகவின. இரண்டு மூன்று மட்டும் எழும்பி வரப்பில் போய் உட்கார்ந்தன.

அந்த நேரம் பார்த்தா சாலையில் காவடிக் கூட்டம் வரவேண்டும்? பம்பை நின்றது.

"மயிலு கூப்புடுதுடா! அரோகரா!" என்று ஒருவன் கத்தினான். கூட்டமே வரப்பைத் தாண்டி இறங்கியது.

"ஏங்க, மொளைங்க! பாத்து வாங்க, மொளை!" என்று பாவா கைகளை விரித்துக்கொண்டு ஓடினார். யார் காதில் விழுந்தது? புஷ்பக் காவடிகளை முளைமேலேயே இறக்கினார்கள். அங்கேயே கற்பூரம் ஏற்றினார்கள். தள்ளி நின்ற மயில்களுக்குப் பொரி இறைத்தார்கள்.

கூட்டத்துக்குத் தலைவர் போலிருந்த ஆந்திரா பக்கத்து மனிதர் பாவாவின் நெற்றியில் விபூதி பூசினார். "குடுத்து வெச்சவரு நைனா நீங்க. சாமி வாகனமே உங்க நெலத்துல மேயுதே!"

"மேயறதுக்கு என் நெலந்தாங்க கெடச்சுதா?" பாவாவுக்குக் குரல் உடைந்தது. பக்தியில் தழுதழுக்கிறார் என்று நினைத்து அந்த மனிதர் அவரைக் கட்டிக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி சுடுங்க நைனா. மயிலு பேசட்டும், எங்க சனங்க நல்லா கேக்கட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் துப்பாக்கியைப் பிடுங்கித் தூர எறிந்திருப்பேன். அக்காவைப் பார்த்தேன். அவள் கைகூப்பித்தான் நின்றாள். ஆனால் பார்வை மயில்மேல் இல்லை, ஜனங்களின் காலடியில் இருந்தது.

சாமி பேரைச் சொல்லிக் கேட்டவர்களிடம் மாட்டேன் என்று சொல்ல பாவாவுக்குத் தெரியாது. இன்னொரு குழலில் இருந்ததையும் மேலே பார்த்துச் சுட்டார். மயில்கள் அகவின. கூட்டம் அரோகரா போட்டது. பாவாவும் போட்டார், தொண்டை கிழிய, அழுதுகொண்டே.