மில்ரனும் எருக்கலம்பிட்டிக் குழாயும்

கூரையில் ஏறியதும் மில்ரன் முதலில் இந்தியாவைப் பார்ப்பார். இந்தியா தெரியாது. தென்னை வட்டுகள், தண்ணீர்த் தொட்டிகள், ஒரு தொலைபேசிக் கோபுரம், அதற்கப்பால் கடல், அவ்வளவுதான். என்றாலும் இடுப்பில் கைவைத்து வடமேற்கை ஒருதரம் உற்றுப் பார்த்து, "சரி" என்று தலையாட்டிய பிறகுதான் அளவு நாடாவை எடுப்பார். சோலார் தகடு தெற்கைப் பார்க்கவேண்டும். அது தெரிந்த மனிதர் வடமேற்கில் என்ன தேடுகிறார் என்று வீட்டுக்காரர்கள் கேட்பதில்லை. பெரிய வேலைக்காரருக்கு ஏதாவது ஒரு சடங்கு இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள்.

வெயிலை வைத்துச் சீவிக்கும் இவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. முழுக்கைச் சட்டை, தொப்பி, தொப்பிக்கு மேல் துவாய் என்று, தேனீக்கூட்டைக் கலைக்கப் போகிறவரைப் போலத்தான் ஏணியில் ஏறுவார். ஆனால் சூரியனை அவர் ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. "அவர் காலமை ஆறு மணிக்கே டியூட்டிக்கு வந்திடுவார். மார்கழியில மட்டும் கொஞ்சம் லீவு. இப்பிடி ஒரு கவுண்மேந்து உத்தியோகத்தர எங்கயாவது கண்டனீங்களோ?" என்று கேட்பார். வாடிக்கையாளர் அரசாங்க உத்தியோகத்தராக இருந்தால், தொண்டையைச் செருமிவிட்டுக் கேட்பார்.

தாழ்வுபாட்டில் றோஸ்மேரி வீட்டுத் தகடுகள் திடீரென்று மின்சாரம் தரமறுத்தபோது மில்ரன் நேரே போய் ஏறினார். தகடுகள் முழுக்கச் சூடைமீன் பரப்பியிருந்தது.

"அக்கா, இது என்ன வேலை?"

"நல்ல சூடு தம்பி. ஒரே பகலில காயுது. காகம் வந்தாலும் வழுக்கிப் போயிடும்."

"அப்ப கரண்ட்?"

"அது ரெண்டு நாள் பொறுக்காதோ? மீன் பொறுக்காதே."

மில்ரன் ஒரு பொதி கருவாட்டுடன் இறங்கினார்.

மீனை மன்னிப்பார். நிழலை மட்டும் மன்னிக்கமாட்டார். நிழல் அவருக்குப் பரம்பரைப் பகை. முசலியில் சிவபாக்கியம் வீட்டு முருங்கை, அரிப்பில் யாரோ நட்ட வேம்பின் ஒரு பக்கம், எல்லாம் அவர் சொல்லித் தறிக்கப்பட்டவை. ஒருமுறை தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டில் நின்று கோபுரத்தை மேலும் கீழும் அளப்பதுபோலப் பார்த்தார். பங்குச் சுவாமி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "மில்ரன், அதை மட்டும் விட்டிடும்" என்றார். மில்ரன் விட்டுவிட்டார். மனமில்லாமல்தான்.

அப்பேர்ப்பட்டவர், எருக்கலம்பிட்டியில் மீன் வியாபாரி முனவ்வரின் வீட்டுக் கூரையில் மூன்று விரல் தடிப்பமுள்ள ஒரு துருப்பிடித்த குழாயின் முன்னால் நின்று முழிசினார்.

வேலை எல்லாம் முடிந்திருந்தது. தட்டுக் கூரையில் சட்டம் பூட்டி, தகடு பரப்பி, வயரும் இழுத்தாயிற்று. குழாய் மட்டும் கிழக்கு மூலையில் கொங்கிறீற்றுக்குள்ளிருந்து எழும்பி நின்றது. காலை வெயிலில் அதன் நிழல், முன் வரிசைத் தகடுகளின் மேல் ஒரு கோடு கிழித்ததுபோல விழுந்துகிடந்தது.

மின்னிணைப்பு வேலையெல்லாம் பிரேமிளாவின் பொறுப்பு. மலையகத்திலிருந்து வந்து முசலியில் குடியேறிய குடும்பத்துப் பெண். மில்ரனை விடப் படித்தவள், அதைவிட முக்கியமாக, மில்ரனுக்குப் பயப்படாதவள்.

"அண்ணே, அந்தக் கொழாய அறுத்திருங்க."

"பத்து மணிக்குப் பிறகு நிழல் ஓடிடும், பிள்ளை."

"பத்து மணிக்குள்ளதான் அவங்க மீனு வந்து ஐஸ் ரூமுல எறங்குது. அப்பத்தான் கரண்ட் வேணும். மீன அங்க நாறவிட்டுட்டு, பின்னேரம் யாருக்குக் கரண்ட்?"

"இது... இடிதாங்கி."

"இது தண்ணிக் கொழாய், அண்ணே."

மில்ரனுக்கும் அது தெரியும். அந்தக் குழாயை நட்டவரே அவர்தான்.

எண்பதுகளின் கடைசியில் மன்னாரில் கூரைக்குக் கூரை இப்படி ஒரு குழாய் நின்றது. அதன் தலையில் மீன்முள்ளுப்போல ஒரு ரிவி அன்ரெனா. கொழும்பு தெற்கே இருந்தது. நல்ல பாட்டு வடமேற்கே இந்தியாவிலிருந்து வந்தது. மன்னார் எந்தப் பக்கம் திரும்பியது என்று விளக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தை அப்போதுதான் முடித்திருந்த மில்ரன், அந்த முள்ளுகளை இந்தியாவின் பக்கம் திருப்பிவிடும் உத்தியோகத்தைத் தானாகவே ஏற்றுக்கொண்டார்.

முனவ்வரின் வாப்பா ஒரு கறுப்பு வெள்ளை ரிவி வாங்கியதும் தெருவே வந்து கூடியது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில், இந்தியாவின் படப் பாட்டு நேரத்துக்கு, தாழ்வுபாட்டிலிருந்து சைக்கிளில் மீன்காரர்களும் வருவார்கள். உம்மா எல்லாருக்கும் பிளேன்ரீ ஊற்றுவார். கூரையில் மில்ரன், யன்னலில் முனவ்வர், நடு அறை மூலையில் ரிவி.

"கொஞ்சம் கோயில் பக்கம் திருப்படா!"

"இப்ப?"

"மழை பெய்யிற மாதிரி இருக்கு. பள்ளிவாசல் பக்கம்! போதும், காணும், ஐயோ போயிட்டுது!"

கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவில் ஓர் இடத்தில் இந்தியா தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்த இடத்தில் குழாயை விட்டுவிட்டு வந்தால் படம் போய்விடும். மில்ரனின் உடம்பில் என்ன இருந்ததோ, அவர் கை பட்டிருக்கும்வரை திரை துலங்கும். ஆகவே பாட்டு நேரம் முழுக்க அவர் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூரையிலேயே நின்றார். தெரு முழுக்கப் பார்த்த படத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. முனவ்வர்தான் யன்னலால் தலையை நீட்டிச் சொல்லுவான்.

"இப்ப மலையில ஓடுறாங்க!"

"ஆரடா?"

"ரெண்டு பேரும்!"

"அவ என்ன நிறச் சீலை?"

"கறுப்பு வெள்ளையில நிறத்துக்கு நான் எங்க போறது! ஊதா எண்டு வைச்சுக்கொள்!"

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், வடக்கு முஸ்லிம்கள் வெளியேறவேண்டும் என்று கட்டளை பிறந்து, அந்தத் தெருவார் எல்லாரும் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தது. கையில் அகப்பட்டதோடு போனார்கள். குழாயை ஒருவரும் தூக்கிக்கொண்டு போகவில்லை.

யுத்தம் முடிந்து, புத்தளத்திலிருந்து முனவ்வர் திரும்பி வந்தபோது இருவருக்கும் தலை நரைத்திருந்தது. சந்தையில் கண்டார்கள். "சுகமா இருக்கிறீங்களோ?" என்றார் மில்ரன். "இருக்கிறன். நீங்கள்?" என்றார் முனவ்வர். 'டேய்' எங்கேயோ வழியில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவோ தரம் கண்டு கதைத்தார்கள்: மீன் விலை, பிள்ளைகளின் படிப்பு, நீரிழிவு. குழாயைப் பற்றி முனவ்வர் ஒரு சொல் சொல்லவில்லை. மில்ரனும் கேட்கவில்லை. முனவ்வர் மறந்திருந்தால் என்ன செய்வது? கேட்காத வரைக்கும் குழாய் நின்றது. அதை அறுத்துவிட்டால், அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது என்று சொல்ல ஊரில் வேறு சாட்சி இல்லை.

பேச்சுச் சத்தம் கேட்டு முனவ்வர் கூரைக்கு ஏறிவந்தார். தகடுகளில் கிடந்த நிழலைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார்.

"இது என்ன, அறுக்கேல்லையோ?"

"இடிதாங்கியாம்" என்று பிரேமிளா காட்டிக்கொடுத்தாள்.

"அப்பிடியோ? இடி விழுந்தாத் தாங்குமோ, மில்ரன்?"

"தாங்கும்" என்றார் மில்ரன், கொங்கிறீற்றைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப எங்கட வீட்டில இடி விழுந்த நேரம் இது என்ன செய்துகொண்டு நிண்டது?"

கீழே ஐஸ் அறை வாசலில் மீன் லொறி வந்து ஹோன் அடித்தது. முனவ்வர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மூலைக்குப் போனார். துரு ஒட்டுவதைப் பார்க்காமல் இரண்டு கையாலும் குழாயைச் சேர்த்துப் பிடித்தார்.

"அறுங்கோ. தகட்டில விழாமல் நான் பிடிக்கிறன். நீங்கள் இவ்வளவு காலம் பிடிச்சது காணும்."

மில்ரன் அவரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கிறைண்டரைக் கையில் எடுத்தார். பொறி பறந்தது. உப்புக் காற்று இத்தனை வருடமாகத் தின்ன முயன்று தோற்ற குழாய், கிறைண்டருக்குச் சீக்கிரமாகவே வழிவிட்டது. அடி விட்டுப்போன குழாய் முனவ்வரின் கைகளுக்குள் நேராக நின்றது. கொஞ்சம் சரித்துப் பிடித்தார். நிழல் தகட்டை விட்டு விலகியது. பிரேமிளா போனில் கரண்ட் கணக்கைப் பார்த்து, "ஏறுது, நல்லா ஏறுது" என்றாள்.

மில்ரன் கிறைண்டரை வைத்துவிட்டு ஏணியால் இறங்கினார். கயிறு எடுக்கப் போகிறார் என்று பிரேமிளா நினைத்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே நடு அறைக்குள் போனார். அலுமாரிப் பக்கத்தில் கிடந்த கதிரையைத் தூக்கி, மூலையைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். முன்னம் ரிவி இருந்த மூலையில் ஒரு மீன் கம்பனிக் கலண்டர் மட்டும் தொங்கியது.

மேலே குழாய் கனக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

"டேய் மில்ரன்! கீழ என்னடா செய்யிறாய்? எவ்வளவு நேரத்துக்கு இதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?"

"பொறு மச்சான், பாட்டு இன்னும் முடியேல்ல!" என்று கூரைக்குக் கேட்கக் கத்திவிட்டு, மில்ரன் காலுக்கு மேல் காலைப் போட்டார்.