டிங்கா வாங்கிய படகு

எங்கள் ஸ்லாரின் தீவில் கார் கிடையாது. ஆத்திர அவசரத்துக்குப் படகுதான். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தும் நாற்பத்தாறு வயதுவரை டிங்கா படகு ஓட்டியதில்லை. தீவுக்கே முடி வெட்டிவிடுகிறவள், வாய்த்துடுக்குக்காரி. ஆனால் படகில் ஏறிவிட்டால் அண்ணன் ஃபிரானே அவளை ஸ்டியரிங் பக்கம் விடமாட்டான். இந்த வசந்தத்தில் யாரிடமும் சொல்லாமல் ஷிபெனிக் நகருக்குப் போய்ப் பரீட்சை எழுதி, படகோட்டும் உரிமத்தோடு திரும்பினாள். அதே வேகத்தில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு படகு வாங்கவும் கிளம்பிவிட்டாள்.

வோதிட்சே துறையில் வியாபாரி வின்கோ இரண்டு மோட்டார் படகுகளைக் கட்டி வைத்திருந்தான். ஒரே பட்டறையில் செய்தவை. அதே வெள்ளை, அதே நீலக் கோடு. தாயும் மகளும் போல நின்றன. சின்னதில் ஆறு பேர் உட்காரலாம். பெரியதில் பத்துப் பேர், அதோடு கீழே படுக்கை அறை, கழிப்பறை, ஃபிரிட்ஜ்.

"பெருசுதான்," என்றான் கணவன் ரோகோ, ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டபடி.

"அதுல என்ன சந்தேகம்? ஓட்டுறதுக்குத்தான் நான் இருக்கேனே," என்றான் ஃபிரானே.

முதலில் பெரியதில் போனார்கள். மெத்தையில் படுத்ததுபோல் சுகமாகத்தான் இருந்தது. மகள்கள் இருவரும் கீழறைக்குப் போய் நிஜமாகவே படுத்துவிட்டார்கள். டிங்கா ஸ்டியரிங்கைத் திருப்பினால், படகு கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது. கரை நெருங்கியதும் பக்கத்தில் நின்ற ஃபிரானே, "விடு விடு, இடிச்சிருவ," என்று ஸ்டியரிங்கைப் பிடுங்கினான். பிடுங்கி, அவனே இடித்தான்.

சின்னதில் ஓட்டுகிறவருக்கு ஓர் இருக்கைதான். பக்கத்தில் நிற்க இடமில்லை. ஃபிரானே பின்னால் தங்கை மகள்களுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டான். மதியக் காற்று கிளம்பியிருந்தது. டிங்கா விசையைத் தள்ளினாள். படகு ஓர் அலையின் தலையில் ஏறி, அடுத்ததின் முதுகில் தொப்பென்று விழுந்தது. ரோகோவின் தொப்பி பறந்து கடலில் விழுந்தது. அதை எடுக்கத் திரும்பியவள், தொப்பியைச் சுற்றி ஒரு வட்டம், எதிர்ப்பக்கம் இன்னொரு வட்டம் அடித்தாள்; ரோகோ குனிந்து தொப்பியை அள்ளினான். உப்புத் தண்ணீர் எல்லோர் மேலும் கொட்டியது.

"மெதுவாடி!" என்று கத்தினான் ஃபிரானே.

"மாமா பயந்துட்டாரு," என்றாள் சின்னவள்.

"எனக்கென்னடி பயம்? ஷூ நனையுது."

டிங்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. மகள்களும் மாமாவின் தோளில் சாய்ந்து குலுங்கினார்கள்.

"அக்கா, கரை அந்தப் பக்கம்," என்றான் கூட வந்திருந்த வின்கோ, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

விக்கலோடே கரைக்குத் திருப்பினாள். யார் கையும் படாமல், முட்டாமல் மோதாமல், துறையோரம் படகைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"எனக்கு இதுதான்," என்றாள். "பெருசக் கரையில கட்டணும்னா ஊரக் கூட்டணும். இத நான் ஒருத்தியே கட்டிருவேன்."

"கழிப்பறை?" என்றான் ரோகோ. காதிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"போறதுக்கு முன்னாடி வீட்டுல போயிட்டு வா."

ரோகோ ஈரத் தொப்பியைப் பிழிந்தான், மறுபடி தலையில் வைத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி கேட்டான்: "இன்னொரு சுத்து போலாமா?"

வின்கோ பத்திரம் எடுத்து வரப் போயிருந்தான். திரும்பி வந்தபோது துறையில் பெரிய படகு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஐந்து பேர் கூச்சலிடும் சத்தம் கேட்டது.